புது மரச்சாமானுக்குப் பழமை ஏற்றுவது: கடுக்காயும் இரும்பும் வைத்துச் செய்யும் முழு முறை

பல வருடம் திண்ணையில் கிடந்த பெஞ்சு ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். உட்காருகிற பக்கத்து விளிம்பு மட்டும் மழுங்கி, பாதி தேய்ந்த சோப்புக் கட்டி போல வழவழவென்று இருக்கும். சுவரோடு ஒட்டிக் கிடந்த பின்விளிம்பு இன்னும் கூராகவே இருக்கும். கால்களில் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குக் கருப்பு ஏறியிருக்கும். வீடு கழுவிய தண்ணீரை மரம் உறிஞ்சிய உயரம் அது. வெயில் விழும் முனை சாம்பல், நிழலில் இருந்த முனை தேன் நிறம். கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் இழைப்புளித் தடம்கூட அப்படியே இருக்கும்.

பழமை மரம் முழுக்க ஒரே சீராக வருவதில்லை. கை, கால், வெயில், தண்ணீர் நான்கும் எங்கே பட்டதோ அங்கே மட்டும் வரும். வீட்டில் செய்யும் பழமை வேலை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெடுகிறது. எல்லா மூலையையும் ஒரே அளவு தேய்த்து, மேல்பலகை முழுக்கச் சுத்தியலால் அடித்து, கடைசியில் ஒரே கலரைப் பூசிவிடுகிறார்கள். பார்த்ததும் போலி என்று தெரிந்துவிடும். அதனால் உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன், சாமானை அது நிற்கப்போகும் இடத்தில் வைத்து, யார் எங்கே உட்காருவார்கள், கை எங்கே படும், ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்து, தேய வேண்டிய இடங்களில் சாக்பீஸால் குறியிடுங்கள். பத்து நிமிட வேலைதான். மற்ற வேலையெல்லாம் இந்தக் குறியைப் பார்த்தே நடக்கும்.

எந்த மரம் ஆகும், எது ஆகாது

திட மரம் மட்டும்தான் ஆகும். பிளைவுட், எம்.டி.எஃப், பார்ட்டிகிள் போர்டு எதற்கும் இந்த முறை சரிவராது. பலகையின் குறுக்குவெட்டு முனையைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை முனையிலும் தொடர்ந்து வந்தால் திட மரம். முனையில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். வெனீர் ஒட்டிய சாமான் என்றால் மேலே இருக்கும் மரம் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். கம்பி பிரஷ் போட்டால் கிழிந்துவிடும்.

பேக்கிங் பெட்டிகளில் வரும் பைன் மரம்தான் கற்றுக்கொள்ள நல்லது. விலை குறைவு. மெதுமரமும் கடின மரமும் மாறி மாறி வரிவரியாக இருப்பதால் பிரஷ் போட்டதும் பள்ளம் மேடு அழகாக எழும். தேக்கிலும் நன்றாக வரும், ஆனால் அதன் எண்ணெய்ப்பசை இடைஞ்சல் கொடுக்கும். ரப்பர் மரத்தில் ரேகை ஒரே மாதிரி இருப்பதால் பிரஷ் வேலை எடுபடாது. நிறம் மட்டும் ஏறும். கருவேல மரத்தில் இயல்பாகவே துவர்ப்புச் சத்து நிறைய உண்டு, இரும்பு பட்டதும் கருத்துவிடும்.

உண்மையிலேயே பழைய சாமான் கையில் இருந்தால், காரைக்குடி பழம்பொருள் கடைகளில் வாங்கியதோ பாட்டி வீட்டிலிருந்து வந்ததோ எதுவானாலும், அதில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அதன் மேலிருக்கும் தேய்மானத்தை ஒருமுறை சுரண்டிவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது. அதற்குத் தூசி துடைத்து மெழுகு போட்டால் போதும்.

பழைய பூச்சை எடுப்பது

புதுப் பலகை என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். பூச்சு இருந்தால் முழுவதும் போயாக வேண்டும். பூச்சு ஒட்டியிருக்கும் இடத்தில் கடுக்காய்த் தண்ணீரும் இறங்காது, இரும்பும் இறங்காது.

என்ன பூச்சு என்று தெரிந்துகொள்ள, பாலிஷ்காரர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, தெரியாத மூலையில் ஒரு நிமிடம் வையுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டும் துணியுமே போதும், துடைத்து எடுத்துவிடலாம். இளகாவிட்டால் மெலமைனோ பி.யூ.வோ (பாலியூரித்தேன்). அதற்குப் பெயிண்ட் ரிமூவர் வேண்டும். ரப்பர் கையுறை போட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய அறையில் அந்த ஆவி ஆபத்து.

பெயிண்ட் அடித்த பழைய சாமான் என்றால் இன்னொரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். ரிமூவர் போட்டோ, தண்ணீர்த்தாள் வைத்து ஈரமாகவோ எடுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பூச்சு போன பிறகு 80 எண் உப்புத்தாள், அடுத்து 120. அதற்கு மேல் போக வேண்டாம். 220 வரை தேய்த்து வழவழப்பாக்கினால் மரத்தின் வாய் மூடிக்கொள்ளும், நிறம் வெளிறிப்போகும்.

இந்தக் கட்டத்தில் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்: இணைப்புகளில் பிதுங்கிக் காய்ந்த பசையும், ஆணித் துளைகளை அடைத்த பட்டியும். இரண்டிலும் இரும்புத் தண்ணீர் ஏறாது. எல்லாம் சாம்பலான பிறகு அந்த இடம் மட்டும் வெள்ளைத் தழும்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஈரத்துணியால் துடைத்தால் பசை இருக்கும் இடம் வெளிறித் தெரியும். உளியால் சுரண்டி எடுங்கள். பட்டி வைத்த துளையைத் திறந்துவிடுங்கள். பழைய சாமானில் ஆணித் துளை இருப்பது இயல்புதான்.

தேய்மானம்

சாக்பீஸ் குறியிட்ட விளிம்புகளை முதலில் அரத்தால் உடைத்து, பிறகு 80 தாளால் உருட்டுங்கள். தாளை மரக்கட்டையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால்தான் மனிதக் கை தேய்த்த மாதிரி வளைவு வரும். நாற்காலியில் கைப்பிடியின் முன்முனை, முன்காலின் குறுக்குக் கட்டையில் பாதம் படும் நடுப்பகுதி, இழுப்பறையின் பிடிக்குச் சுற்றிலும் ஒரு சாண். இவைதான் உண்மையில் தேயும் இடங்கள். தேய்மானம் நடுவில் ஆழமாகத் தொடங்கி இரண்டு பக்கமும் மெல்ல மறைய வேண்டும். பாதியில் வெட்டினாற்போல நிற்கக் கூடாது.

அடித் தழும்புக்குச் சாவிக்கொத்தோ சைக்கிள் செயினோ எடுத்து, மேல்பலகையில் நான்கைந்து இடத்தில் மட்டும், வேறு வேறு கோணத்தில் போடுங்கள். பூச்சி அரித்த துளை வேண்டும் என்றால் குத்தூசியால் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் போடலாம். அதுவும் ஒரே மூலையில் ஏழெட்டாகக் கூட்டமாக இருக்கட்டும். பூச்சி பலகை முழுக்கப் புள்ளிக்கோலம் போடாது. மரத்தில் உண்மையான பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். துளைக்குக் கீழே புது மாவு கொட்டிக் கிடந்தால் முதலில் பூச்சி மருந்து.

கம்பி பிரஷ்

மரம் மழையிலும் வெயிலிலும் கிடந்தால் மெதுவான பகுதி முதலில் அரிந்துபோகும், கடினமான வரிகள் மேடாக நிற்கும். அதே வேலையைக் கம்பி பிரஷ் அரை மணி நேரத்தில் செய்துவிடும். பிரஷை எப்போதும் ரேகையின் ஓட்டத்தோடு மட்டுமே இழுங்கள். குறுக்கே ஒரு இழுப்பு போனாலும் அந்தக் கீறல் சாம்பல் நிறம் ஏறியதும் கருங்கோடாகத் தெரியும். கை பிரஷால் செய்தால் ஒரு சதுர அடிக்கு ஐந்து நிமிடம் அழுத்தி இழுக்க வேண்டியிருக்கும். டிரில்லில் மாட்டும் கிண்ண பிரஷ் வேகமாகச் செய்யும், ஆனால் ஒரே இடத்தில் நின்றால் பள்ளம் விழுந்துவிடும்.

முடிந்தால் பித்தளைக் கம்பி பிரஷ் வாங்குங்கள். இரும்புக் கம்பியிலிருந்து முடி போன்ற துணுக்குகள் உடைந்து மரத்தில் செருகிக்கொள்ளும். கடுக்காய்த் தண்ணீர் பட்டதும் ஒவ்வொரு துணுக்கைச் சுற்றியும் மிளகு தூவியது போலக் கரும்புள்ளி விழும்.

பிரஷ் முடிந்ததும் தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். எழும் நார்களை 120 தாளால் லேசாக நீவினால் போதும்.

நிறம்: இதுதான் உயிர்நாடி

வெயிலின் புற ஊதாக் கதிர், மரத்தின் நார்களைக் கட்டி வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெளிறிய செல்லுலோஸ் நார். அதன் நிறம்தான் அந்த வெள்ளிச் சாம்பல். இதைச் சாம்பல் பெயிண்ட் பூசிக் கொண்டுவர முடியாது. பெயிண்ட் ரேகையை மூடிவிடும். மரத்துக்குள்ளேயே ஒரு வேதிவினை நடந்து நிறம் உண்டானால்தான் பள்ளத்தில் ஒரு சாயல், மேட்டில் ஒரு சாயல் என்று உயிரோடு இருக்கும்.

அந்த வினை நமக்குப் புதிதல்ல. துவர்ப்புச் சத்தான டானினும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. துணியைக் கடுக்காயில் ஊறவைத்து, இரும்பும் வெல்லமும் புளித்த நீரால் கோடு வரைந்துதான் கலம்காரியின் கருப்பு வருகிறது. கடுக்காயும் அன்னபேதியும் (பெர்ரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) சேர்த்து மை காய்ச்சியதும் இதே வழிதான். வெளிநாட்டுக் குறிப்புகளில் கறுப்புத் தேநீரும் வினிகரும் சொல்வார்கள். ஓக் மரத்திலேயே டானின் நிறைய இருப்பதால் அங்கே அது போதும். பைனிலும் ரப்பர் மரத்திலும் டானின் குறைவு. தேநீர் போட்டால் நிறம் மெலிந்து வரும். கடுக்காய் தேநீரைவிடப் பல மடங்கு வலுவானது, நாட்டு மருந்துக் கடையில் எப்போதும் கிடைக்கும்.

*கடுக்காய்த் தண்ணீர்.* கொட்டை நீக்கிய கடுக்காய்ப் பொடி 30 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். எவர்சில்வர் பாத்திரத்தில் 15 நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் அங்கேயே கருத்துப் போய்விடும். ஒரு டீப்பாய்க்கு இரண்டு பூச்சுக்கு அரை லிட்டர் தாராளம். மூன்று நாளுக்கு மேல் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஆகவே வேண்டும்போது காய்ச்சிக்கொள்ளுங்கள்.

*இரும்புத் தண்ணீர்.* சமையல் வினிகர் அரை லிட்டர், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நைஸ் ஸ்டீல் வூல் 15 கிராம். ஸ்டீல் வூலில் எண்ணெய் தடவியிருப்பார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி அலசாவிட்டால் கரையாது. பிய்த்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு வினிகரை ஊற்றுங்கள். மூடியை இறுக்காதீர்கள், ஹைட்ரஜன் வாயு வெளிவரும். துணி கட்டி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். மூன்று நாளில் பெரும்பகுதி கரைந்துவிடும். அடிமண்டி கலங்காமல் வடிகட்டுங்கள்.

பாத்திரம் துலக்கும் எவர்சில்வர் நாரைப் போட்டுவிட்டு, ஒரு வாரமாகியும் எதுவும் நடக்கவில்லை என்று காத்திருப்பவர்கள் உண்டு. அது கரையாது. சந்தேகம் இருந்தால் ஈரமாக்கி ஒரு ராத்திரி வெளியே வையுங்கள். துருப்பிடித்தால்தான் அது நமக்கு வேண்டிய சரக்கு.

காத்திருக்க முடியாதவர்களுக்கு அன்னபேதி இருக்கிறது. வெளிர்பச்சைப் படிகம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம், கலக்கினால் உடனே தயார். வினிகர் முறையைவிடச் சீராக வரும். பச்சை போய்ப் பழுப்பேறிய அன்னபேதி காற்றுப்பட்டது, வாங்காதீர்கள். இரண்டு கரைசலையும் குழந்தைகள் கைக்கு எட்டாமல், பெயர் எழுதி வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றவே கூடாது.

இனி பூசும் முறை.

1. சாமானின் அடிப்பக்கத்திலோ அதே மரத்துண்டிலோ சோதனை. கடுக்காய்த் தண்ணீர் பூசிக் காய்ந்தபின், இரும்புத் தண்ணீரை அப்படியே ஒரு பட்டை, அதே அளவு தண்ணீர் கலந்து ஒரு பட்டை, நான்கு பங்கு தண்ணீர் கலந்து ஒரு பட்டை பூசுங்கள். காய்ந்த பிறகு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறம்தான் மெழுகு போட்டபின் வரப்போகும் நிறம். காய்ந்த நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

2. தேக்கு என்றால் பூசுவதற்குச் சற்று முன் தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள். எண்ணெய் மறுபடி மேலே வருவதற்குள், அரை மணி நேரத்தில் கடுக்காய்த் தண்ணீர் விழ வேண்டும்.

3. கடுக்காய்த் தண்ணீர் ஒரு பூச்சு. பைன், ரப்பர் மரத்துக்கு இரண்டு. மஞ்சள் படர்வது போல இருக்கும், பரவாயில்லை. நான்கு மணி நேரம் காயவிடுங்கள். அடைமழைக் காலத்தில் ஒரு நாள்.

4. இரும்புத் தண்ணீர். வேறு பிரஷ், வேறு கிண்ணம். ஒன்றை மற்றதில் தோய்த்தால் கிண்ணமே மையாகிவிடும். ஒரு முகத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நடுவில் நிறுத்தாமல் பூசி முடியுங்கள். பாதியில் காய்ந்து, மேலே மறுபடி பூசினால் பட்டை விழும். கால்களுக்குக் கீழிருந்து மேலே பூசுங்கள். மேலிருந்து வழியும் சொட்டு உலர்ந்த மரத்தில் ஓடினால் அந்தக் கோடு போகவே போகாது.

5. பத்து நிமிடத்தில் ஊதா கலந்த சாம்பல் தெரியும். கைவைக்காதீர்கள். காற்றுப் பட்டு இரவு முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். மறுநாள் காலையில்தான் அதன் உண்மையான முகம்.

6. காய்ந்தபின் வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, மிஞ்சிய உப்பை எடுங்கள்.

கால்களின் அடியில் நாலு விரல் உயரத்துக்கு மட்டும் கலக்காத இரும்புத் தண்ணீர் இன்னொரு பூச்சு கொடுங்கள். மேல் ஓரத்தை ஈர பிரஷால் கலைத்துவிடுங்கள். தரை கழுவிய நீர் ஏறிய அதே கருப்பு கிடைக்கும்.

அடுத்தது சிறிய வேலைதான், மொத்த உருவத்தையும் மாற்றிவிடும். இந்த நிறம் மரத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இறங்கியிருக்கும். தேய்மானக் குறி வைத்த இடங்களில் 220 தாளை எடுத்து மெல்லத் தேயுங்கள். சாம்பலுக்கு அடியிலிருந்து பழுப்பு எட்டிப் பார்க்கும். விளிம்பின் உச்சியில் தெளிவான பழுப்பு, ஒரு விரல் தள்ளி மங்கல், அதற்கப்பால் முழுச் சாம்பல் என்று வந்துவிட்டால், கை பட்டுப் பட்டுத் தேய்ந்த விளிம்பு கண்முன் நிற்கும்.

நிறம் ஏமாற்றினால்

ஆரஞ்சு நிறம் வந்தால் கடுக்காய் போதவில்லை. சேர ஆளில்லாத இரும்பு வெறும் துருவாகிவிட்டது. மேலே இன்னொரு பூச்சு கடுக்காய்த் தண்ணீர் போடுங்கள், ஆரஞ்சு சாம்பலாக மாறும்.

அளவுக்கு மீறிக் கருத்துவிட்டால் ஆக்ஸாலிக் ஆசிட் காப்பாற்றும். 50 கிராமை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்துப் பூசினால் இரும்பைப் பிடுங்கி வெளியே எடுத்துவிடும். அது விஷம். கையுறையும் முகக்கவசமும் வேண்டும். வேலை முடிந்ததும் இரண்டு முறை தண்ணீரால் கழுவிக் காயவையுங்கள். காய்ந்த பொடியைத் தேய்த்துக் கிளப்பாதீர்கள்.

திட்டுத் திட்டாக வந்தால் எண்ணெயோ, பசையோ, பழைய பூச்சோ அங்கே மிஞ்சியிருக்கிறது. அந்த முகத்தை முழுவதும் 80 தாளால் தேய்த்துத் திரும்பத் தொடங்குவதுதான் வழி. திட்டுக்கு மட்டும் ஒட்டுப் போட்டால் ஒட்டு தனியாகத் தெரியும்.

உரிந்த பெயிண்ட் வேண்டுமானால்

பழைய ஜன்னல் கதவில் பச்சையோ நீலமோ உரிந்து உள்ளே மரம் தெரியும் தோற்றம் சிலருக்குப் பிடிக்கும். சாம்பல் ஏற்றிய மரத்தில் தேயும் இடங்களில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். மேலே தண்ணீரில் கரையும் மேட் எமல்ஷன் ஒரு பூச்சு. காய்ந்ததும் மெழுகு இருந்த இடத்தை மழுங்கிய கத்தியால் சுரண்டினால் பெயிண்ட் செதிலாக உரியும். மரவேலைக்கான வெள்ளைப் பசையைப் பூசி, அது கையில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போது எமல்ஷன் அடித்தால் வெடிப்பு விழும். ஒரு இடத்தில் பிரஷ் ஒரே முறைதான் போக வேண்டும். திரும்பப் போனால் வெடிப்பு இழைந்துபோகும்.

மேல்பூச்சு

பளபளப்பு வந்தால் இதுவரை செய்த அத்தனையும் வீண். மெலமைன், கிளாஸ் வார்னிஷ் எதுவும் வேண்டாம். ஆளி விதை எண்ணெய் நல்ல எண்ணெய்தான், ஆனால் சாம்பலை மஞ்சளாக்கிவிடும். அதைப் பயன்படுத்தினால் எண்ணெய்த் துணியைக் கசக்கிப் போட்டு வைக்காதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள் அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

அலமாரி, நாற்காலி, படச்சட்டத்துக்குத் தேன்மெழுகு போதும். மெழுகு 100 கிராமை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். அடுப்பை அணைத்து, மெழுகை வெளியே எடுத்துச் சென்ற பிறகு டர்பன்டைன் 300 மி.லி. ஊற்றிக் கலக்குங்கள். ஆறினால் வெண்ணெய்ப் பதம். துணியில் எடுத்துத் தேய்த்து, ஒரு மணி நேரம் கழித்துப் பிரஷால் மெருகேற்றுங்கள். இதிலேயே கொஞ்சம் தனியாக எடுத்து, சிமென்ட் தரைக்குப் போடும் கருப்பு ஆக்சைடு பொடி அரைக் கரண்டி கலந்துகொண்டால், மூலைகளிலும் தழும்புகளிலும் வைத்துத் துடைக்க அழுக்கேறிய சாயல் வரும்.

காபித் தம்ளர் வைக்கும் டீப்பாய்க்கு மெழுகு தாங்காது. அதற்குத் தண்ணீரில் கரையும் மேட் பி.யூ. மெல்லியதாக இரண்டு பூச்சு, இடையில் மூன்று மணி நேரம். சாப்பாடு நேரடியாகப் படும் பலகைக்கு இந்த இரும்பு நிறமே வேண்டாம்.

கடைசியாக ஆணியும் கீலும்

சாமான் எழுபது வருடம் பழசு போல இருக்க, திருகாணி மட்டும் நேற்று வாங்கியது போல மின்னக் கூடாது. துத்தநாகம் பூசிய திருகாணிகளை ஒரு இரவு வினிகரில் போட்டால் மினுக்கம் போய் வெற்று இரும்பு தெரியும். அலசி, ஈரத்தோடு இரண்டு நாள் வெளியே விட்டால் துரு படியும். துணியால் துடைத்து, மெழுகு தடவிப் பொருத்துங்கள். மெழுகு இல்லாவிட்டால் அந்தத் துரு மழைக்காலத்தில் மரத்தில் இறங்கி, கடுக்காய் ஏறிய இடத்தில் திருகாணியைச் சுற்றி நீங்கள் கேட்காத ஒரு கருப்பு வளையம் போடும். திருகும்போது ஆணித்தலையின் வெட்டு, ரேகையோடு சேர்ந்து நிற்கும்படி விடுங்கள்.